கோட்டையைக் கட்டியவர் யார்?

(தோட்டப் பொது மண்டபத்தில் தகவல் அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இருள் பிரியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலையும் முடித்த பின்னர், களைப்பைப் பொருட்படுத்தாது இங்கே வந்திருக்கின்றீர்கள். அத்தகையோர் முன் வீண் பேச்சுப் பேசுவது முறையன்று. ஆகவே இன்று பினாங்கிலுள்ள ஒரு பழைய இராணுவக் காவற்கோட்டையின் கதையைக் கூற விரும்புகின்றேன். அதைக் கூறுவதற்கு எனக்கென்று ஒரு காரணமும் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகின்றேன்.

இந்தப் பணிக்கு வருமுன் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், தோட்டப் பிள்ளைகள் முப்பது பேரைக் கல்விச் சுற்றுலாவாகப் பினாங்கிற்கு அழைத்துச் சென்றேன். பட்டர்வொர்த்தில் பேருந்தை விட்டிறங்கி, பெரியில் ஏறிக் கடலைக் கடந்து, ஜார்ஜ் டவுன் நகரின் கடல்முனையில் நிற்கும் கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு சிறுவன் சுவரைத் தொட்டுப் பார்த்து, "ஐயா, இதைக் கட்டியவர் யார்?" என்று கேட்டான். "வெள்ளைக்காரர்" என்று நான் ஒரே சொல்லில் விடையளித்தேன். "அப்படியானால் நம்முடையது இங்கே ஒன்றும் இல்லையா, ஐயா?" என்று அவன் மறுபடியும் கேட்டான். நான் அதற்கு மறுமொழி கூறாமல், "வரிசையில் நில்" என்று அதட்டிவிட்டு நடந்தேன்.

அன்பர்களே, அந்தச் சிறுவனுக்கு நான் சொன்னது தவறான விடை. ஆசிரியன் ஒருவன் அறியாமையால் செய்யும் பிழை மாணவனின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிடும். அந்த முள்ளைப் பிடுங்கும் முயற்சியே இன்றைய என் பேச்சு.

நிபோங் வேலி

1786ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். பிரான்சிஸ் லைட் என்னும் கப்பல் தலைவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில், எலிசா, பிரின்ஸ் ஹென்றி, ஸ்பீட்வெல் என்னும் மூன்று கலங்களுடன் பினாங்குத் தீவின் முனையில் வந்திறங்கினார். அவருடன் வந்த படை நூற்றைம்பது பேர் அளவிலானது. அவர்களில் அதிகாரிகளும் பீரங்கி வீரர்களும் சிலரே. பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து வந்த இந்தியச் சிப்பாய்களும், லஸ்கர் எனப்படும் மாலுமிகளும் ஆவர். ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் தீவு கம்பெனியின் வசமானதாக அறிவிக்கப்பட்டது.

அந்தக் கடல்முனை அப்போது அடர்ந்த காடு. மரங்கள் அவ்வளவு வைரம் பாய்ந்தவை. கோடரியும் கத்தியும் ஈயத்தைப் போல் மடங்கிப் போயின என்று லைட் எழுதி வைத்துள்ளார். கானகத்தில் கத்தி பிடித்தவர்களாகிய உங்களுக்கு அதன் துன்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை. வெட்டிய இடத்தில் நிபோங் மரங்களைக் கூர் சீவி நட்டு வேலி அமைத்தனர். நிபோங் என்பது பனையினத்தைச் சேர்ந்த உறுதியான மரம். கெலோங் அமைக்க மீனவர் நாடுவதும் அதுவே. அந்த மரவேலிதான் முதற்கோட்டை. அக்காலத்தில் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக விளங்கிய கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது.

இந்தக் காட்டை அழித்தது பற்றி ஒரு கதை வழங்குகிறது. வேலையாட்கள் சோர்ந்து போனபோது, லைட் ஒரு பீரங்கியில் வெள்ளி நாணயங்களை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். நாணயத்தைத் தேடும் ஆவலில் மக்கள் விரைந்து காட்டை வெட்டினராம். கேட்பதற்குச் சுவையான கதை. ஆனால் இதில் ஒரு செய்தி மறைந்திருப்பதைக் கவனியுங்கள். இந்தக் கதையில் வெட்டியவனின் உழைப்பு மறைந்துவிடுகிறது. சுட்டவரின் சாமர்த்தியம் மட்டுமே நிற்கிறது. கதைகள் பல இப்படித்தான் அமைகின்றன.

எழுத்தில் இல்லாத வாக்கு

இந்தக் கோட்டையின் அடித்தளத்தில் ஒரு மனக்கசப்பும் புதைந்து கிடக்கிறது. பினாங்குத் தீவு கெடா சுல்தானுக்கு உரியது. வடக்கே சயாம் நாட்டால் அபாயம் நேரலாம் என்று அஞ்சிய சுல்தான் அப்துல்லா, பகைவர் தாக்கினால் கம்பெனி படையுதவி அளிக்க வேண்டும் என்னும் நிபந்தனையின் பேரிலேயே தீவை விட்டுக் கொடுக்க இசைந்தார். வணிகத்தில் தமக்கு நேரும் இழப்புக்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளியும் கேட்டார். லைட் நம்பிக்கையூட்டிப் பேசித் தீவில் குடியேறிவிட்டார். ஆனால் படையுதவி பற்றிய உறுதியை மேலிடம் இறுதிவரை அளிக்கவில்லை.

ஏமாற்றமடைந்த சுல்தான் 1791ஆம் ஆண்டில் பிறையில் தம் படகுப் படையைத் திரட்டினார். லைட்டின் படையினர் விடியற்காலையில் சென்று அதைத் தாக்கிச் சிதறடித்தனர். அவ்வாண்டு மே முதல் நாள் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையில் சுல்தானுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி. படையுதவி என்னும் பேச்சே அதில் இல்லை. பின்னர் 1800ஆம் ஆண்டில் எதிர்க்கரை நிலமும் கம்பெனிக்குச் சென்றபோது தொகை 10,000 ஆயிற்று. 1821ஆம் ஆண்டில் சயாம் படை உண்மையாகவே கெடாவைத் தாக்கியது. அப்போதைய சுல்தான் பினாங்கிற்குத் தப்பி வந்தார். கம்பெனி அவருக்காகப் போரிடவில்லை.

அரசர்க்கே இந்த நிலை என்றால், நம் முன்னோர் நிலை எப்படி இருந்திருக்கும்! "கடல் தாண்டினால் காசு, மரத்தடியில் பொன்" என்று ஆள் திரட்டியவர்கள் ஊர் ஊராகச் சொன்ன வாக்குகளும் எழுத்தில் இருந்தவை அல்ல. எழுத்தில் இருந்தவை முன்பணமும் கடனும் மட்டுமே. ஆகவே ஒன்று சொல்வேன். வேலை ஒப்பந்தமானாலும், கடன் பத்திரமானாலும், வீட்டு மனைத் திட்டமானாலும், வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பம் இடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால், படித்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தொழிற்சங்கப் பொறுப்பாளரைக் கேளுங்கள். ஒரு படியை வாங்கிப் பெட்டியில் வையுங்கள். கெடா சுல்தானின் அனுபவம் நமக்கு அளிக்கும் பாடம் இதுவே.

செங்கல் சுமந்த கைகள்

இனி, அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருகின்றேன்.

மரவேலி நெடுநாள் தாங்கவில்லை. ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரரோடு போர் மூண்டிருந்த காலம் அது. ஆகவே ராபர்ட் பார்க்குவார் துணை ஆளுநராக இருந்தபோது, 1804ஆம் ஆண்டளவில், செங்கல்லாலும் கல்லாலும் கோட்டையைக் கட்டும் பணி தொடங்கி, 1810ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. விண்மீன் வடிவம்; நான்கு கொத்தளங்கள்; ஏறத்தாழ 10 அடி உயரச் சுவர்; சுற்றிலும் 30 அடி அகலமுள்ள அகழி. செலவு 80,000 ஸ்பானிய வெள்ளி என்று குறிப்பிடுகின்றனர்.

அந்தச் செங்கல்லைச் சுமந்தவர்கள், சுண்ணாம்பு குழைத்தவர்கள், சுவர் எழுப்பியவர்கள் யாவர்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மாகாணங்களில் தண்டனை பெற்றவர்களை 1790ஆம் ஆண்டளவு முதல் கம்பெனி பினாங்கிற்கு அனுப்பி வந்தது. அவர்கள் சதுப்பு நிலத்தைத் தூர்த்தனர், சாலை அமைத்தனர், செங்கல் அறுத்தனர், அரசாங்கக் கட்டடங்களைக் கட்டினர். தண்டனைக் காலம் முடிந்த பின் பலர் இங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தினர்.

கைதிகள் மட்டும் அல்லர். 1794ஆம் ஆண்டில் லைட் தம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் ஆயிரம் பேர் அளவில் தீவில் குடியிருப்பதாகவும், அவர்கள் கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் வாழ்வதாகவும் குறிப்பிட்டுள்ளார். ஆண்டுதோறும் அந்தக் கரையிலிருந்து வரும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, உழைத்துச் சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பிச் செல்வதாகவும், அவர்கள் இடத்துக்கு வேறு பேர் வருவதாகவும் எழுதியுள்ளார். சோழமண்டலக் கரை என்பது நம் நாகப்பட்டினமும் காரைக்காலும் பரங்கிப்பேட்டையும் அமைந்த கரையே. மலாயாவில் இரப்பர்த் தோட்டம் தோன்றுவதற்கு நூறாண்டு முன்னரே நம்மவர் வியர்வை இந்த மண்ணில் சிந்தியது என்பதற்கு இது சான்று.

எனவே, "கோட்டையைக் கட்டியவர் யார்?" என்ற கேள்விக்குச் சரியான விடை இதுதான்: கட்டச் சொன்னவர் வெள்ளைக்காரர், கட்டியவர் இந்தியக் கைதிகள். நிலம் மலாய் அரசருடையது. கட்டிய ஊரில் வாணிகம் வளர்த்தவருள் சீனரும் மலாய்க்காரரும் சூலியரும் அடங்குவர். ஒரு சுவருக்குள் இத்தனை பேருடைய கதை இருக்கிறது.

கோட்டை வாயிலருகே பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை உண்டு. 1936ஆம் ஆண்டில் வார்க்கப்பட்டது. அவருடைய முகத்தைக் காட்டும் படம் கிடைக்காமையால், அவர் மகன் வில்லியத்தின் சாயலைக் கொண்டு சிலையைச் செய்தனர் என்பர். முகம் தெரியாத ஒருவருக்கு மகன் முகத்தைக் கொண்டாவது சிலை அமைந்துவிட்டது. செங்கல் சுமந்தவர்களுக்கோ முகமும் இல்லை, பெயரும் இல்லை. இதைப் பொறாமையாலோ வெறுப்பாலோ நான் கூறவில்லை. பெயரை எழுதி வைக்காதவன் வரலாற்றில் கரைந்து போகிறான் என்பதற்காகவே கூறுகின்றேன்.

ஸ்ரீ ரம்பாய்

கோட்டையின் மதில்மேல் பழைய பீரங்கிகள் கடலை நோக்கி நிற்கின்றன. அவற்றுள் புகழ் மிக்கது ஸ்ரீ ரம்பாய். நம் வீட்டுப் புறத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் ரம்பாய்ப் பழத்தின் பெயர் தாங்கிய வெண்கலப் பீரங்கி. 1603ஆம் ஆண்டில் ஒல்லாந்தில் வார்க்கப்பட்டது. வாணிக உரிமை வேண்டி ஒல்லாந்தர் இதை ஜொகூர் சுல்தானுக்கு வழங்கினர். 1613ஆம் ஆண்டில் ஜொகூரைத் தாக்கிய அச்சே அரசர் இதைக் கைப்பற்றிச் சென்றார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இது சிலாங்கூருக்கு வந்து, கோலசிலாங்கூர்க் குன்றின்மேல் நின்றது. 1871ஆம் ஆண்டில் கடற்கொள்ளையர் பினாங்குக் கப்பலொன்றைக் கைப்பற்றிச் சிலாங்கூருக்குக் கொண்டு சென்றனர். அதைக் காரணங்காட்டி ஆங்கிலேயர் அவ்வூரைத் தாக்கிக் கோட்டையை அழித்து, பீரங்கியைப் பினாங்கிற்குக் கொண்டு வந்தனர். முதலில் கடற்கரைத் திடலில் இருந்த அது, 1950ஆம் ஆண்டுகளில் கோட்டைக்குள் கொண்டு வரப்பட்டது.

இத்துணை அரசர் கைமாறிய பொருளைச் சுற்றிக் கதைகள் தோன்றுவது இயல்பே. பினாங்கிற்கு வந்த பீரங்கி சில ஆண்டுகள் கடலடியில் கிடந்ததாம். எவராலும் தூக்க முடியவில்லையாம். கெடா அரச குடும்பத்தவரும் சிலாங்கூரில் அரசப் பிரதிநிதியாக இருந்தவருமான துங்கு குடின் வந்து, ஒரு நூலைக் கட்டி, "என் பின்னே வா" என்று கட்டளையிட, பீரங்கி மிதந்து கரையேறியதாம். மற்றொரு நம்பிக்கை: பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் இந்தப் பீரங்கியின் வாயில் மலர் வைத்து வேண்டிக்கொண்டால் குழந்தை பிறக்கும் என்பது.

தாய்மார்களே, மலர் வைக்கும் பெண்ணை எள்ளி நகையாடக் கூடாது. அவள் நெஞ்சின் ஏக்கம் உண்மையானது. அரச மரத்தைச் சுற்றியவர்களும், தொட்டில் கட்டியவர்களும் நம் குடும்பங்களிலும் உண்டு. ஆனால் மலரை வைத்துவிட்டு வீட்டில் காத்திருப்பது போதாது. அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கணவன் மனைவி இருவரும் செல்லுங்கள். குறை ஆணிடமும் இருக்கலாம். பழியை மருமகள் தலையில் மட்டும் சுமத்தும் மாமியார் எவரேனும் இங்கிருந்தால், என் வேண்டுகோளைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

கோட்டை காணாத போர்

இப்போது ஒரு வியப்பான செய்தி. போருக்கென்றே கட்டிய இந்தக் கோட்டை, தன் வாழ்நாளில் ஒரு முற்றுகையையும் கண்டதில்லை. பகைவன் எவனும் இதன் மதிலில் ஏறியதில்லை.

1914ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் விடியலில், எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், போலிப் புகைப்போக்கி ஒன்றைப் பொருத்தி உருமாறி, பினாங்குத் துறைக்குள் நுழைந்தது. அங்கே நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பலைத் தகர்த்தது. வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. ஒரு திங்களுக்கு முன் சென்னை நகரின்மேல் குண்டு வீசியதும் அதே எம்டன்தான். "அவன் சரியான எம்டன்" என்று நாம் இன்றும் சொல்கின்றோமே, அந்தச் சொல் பிறந்த கதை அது. கோட்டையின் கண்ணெதிரே எம்டன் வந்து சென்றது. பழைய பீரங்கிகள் வாய் திறக்கவில்லை.

ஆனால் கோட்டைக்குள் நுழைந்த பகைவன் ஒருவன் உண்டு. அவன் மதிலேறி வரவில்லை. அகழி நீரில் பிறந்து, பறந்து வந்தான். அவன்தான் கொசு. காட்டை அழித்துக் குடியேறிய தொடக்க நாள் தொட்டே காய்ச்சல் மக்களை வாட்டியது. பிரான்சிஸ் லைட்டும் 1794ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மலேரியாக் காய்ச்சலால் மாண்டார். பகைவரைத் தடுக்க வெட்டிய அகழியோ கொசுவை வளர்க்கும் குட்டையாயிற்று. 1897ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் இந்தியாவில் ஆராய்ந்து, மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்று மெய்ப்பித்தார். 1901ஆம் ஆண்டு தொடங்கி மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் சதுப்புகளை வடித்துக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். தோட்டங்களில் கொத்துக் கொத்தாக மடிந்த நம் மக்களைக் காத்த பணிகளில் அது ஒன்று. பினாங்கிலும் 1920ஆம் ஆண்டுகளில், மலேரியாவைத் தடுக்கும்பொருட்டு, கோட்டை அகழியை மண் கொட்டித் தூர்த்துவிட்டனர்.

எண்பதாயிரம் வெள்ளிக் கோட்டையின் அகழியைத் தூர்க்க வைத்தது ஒரு சிறு கொசு! இன்று டிங்கிக் காய்ச்சலாக அந்தப் பகை நம் வாசலில் நிற்கிறது. வெட்டு இல்லாத நாள்களில் மரத்தில் மாட்டிய மங்கில் மழைநீர் தேங்குகிறது. அதில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஆகவே, வெட்டாத மரத்தின் மங்கைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டுப் புறத்திலுள்ள சிரட்டை, தகரம், பழைய டயர் ஆகியவற்றை வாரந்தோறும் பாருங்கள். இது பீரங்கியால் வெல்ல முடியாத போர். உங்கள் கையால் வெல்லக்கூடிய போர்.

கொடி இறங்கிய நாள்

இறுதியாக, இந்தக் கோட்டையில் நடந்தவற்றுள் நெஞ்சை உருக்கும் நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். அதைச் செய்தவர் ஒரு தமிழர்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய வானூர்திகள் பினாங்கின்மேல் பறந்து வந்தன. மக்கள் தெருவில் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தனர். குண்டு விழும் என்று அவர்கள் எண்ணவில்லை. பெருந்தொகையானோர் மாண்டனர், நகர் தீப்பற்றி எரிந்தது. சில நாள்களில் ஆங்கிலேய அதிகாரிகளும் ஐரோப்பியக் குடும்பத்தினரும் இரவோடிரவாகக் கப்பலேறித் தீவை விட்டு அகன்றனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய உள்ளூர் மக்கள் கைவிடப்பட்டனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கெடா சுல்தானுக்கு நேர்ந்த கதையே அவர்களுக்கும் நேர்ந்தது.

ஆள்பவர் இல்லை, காவல் இல்லை, பிணம் எடுக்க ஆள் இல்லை, கொள்ளை தொடங்கிவிட்டது. கோட்டைக் கொடிமரத்திலோ ஆங்கிலேயக் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும் வரை வானூர்திகள் குண்டு வீசும். அப்போது முன்வந்தவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ என்னும் ஆங்கில நாளிதழின் ஆசிரியர். அவர் துணைக்கு ஒருவருடன் கோட்டைக்குச் சென்று, ஆங்கிலேயக் கொடியை இறக்கி, வெள்ளைக் கொடியை ஏற்றினார். பல இனத்தவரையும் சேர்த்து ஒரு சேவைக் குழுவை அமைத்து, அதற்குத் தலைமை தாங்கி, தொண்டர்களைக் கொண்டு ஒழுங்கைக் காத்தார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியப் படை தீவினுள் வந்தது.

சிந்தித்துப் பாருங்கள். பீரங்கிகளால் காக்க முடியாத ஊரை, ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டு சிலர் காக்க முயன்றனர். வாளேந்தி நிற்பது மட்டுமா வீரம்? ஓட வழியிருந்தும் அண்டை வீட்டாரை விட்டு ஓடாதிருப்பதும் வீரமே. அந்தக் குழுவில் சீனர் இருந்தார், மலாய்க்காரர் இருந்தார், இந்தியர் இருந்தார். இன்னல் வந்தபோது எவரும் இனம் பார்க்கவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளின் துயரத்தை நம் தோட்டங்கள் நன்கறியும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் பர்மா இரயில் பாதைக்காக ஜப்பானியர் நம் தோட்ட மக்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். காட்டிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் தொகையும் பல்லாயிரம். அவர்களுள் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? இந்த மண்டபத்தில் இருக்கும் குடும்பங்களிலேயே, பாட்டன் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்பதற்கு மேல் எதுவும் அறியாதவர் சிலர் இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அந்நியர் கொடி பறந்த கோட்டை நம் நாட்டின் சொத்தாயிற்று. 1977ஆம் ஆண்டில் அது பண்டைய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் நகரும் மலாக்கா நகரும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. தூர்ந்த அகழியைத் தோண்டி மீட்கும் பணியும் அண்மைக் காலத்தில் நடைபெற்றது. மண்ணுக்குள் போன அகழியைத் தோண்டி எடுக்க முடிகிறது. மண்ணுக்குள் போன பெயர்களைத் தோண்டி எடுப்பது எப்படி?

ஒரு வழி உண்டு. இன்னும் மூத்தோர் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். ரஜூலாக் கப்பலில் வந்திறங்கியவர்களின் பிள்ளைகள் இருக்கின்றனர். பினாங்குத் துறைக்கு வந்த அந்தக் கப்பல் பயணிகள் கண்ட முதற்காட்சிகளுள், இந்தக் கோட்டை முனையும், 1882ஆம் ஆண்டில் அங்கே எழுந்த கலங்கரை விளக்கமும் அடங்கும். மாணவச் செல்வங்களே, வருகின்ற பள்ளி விடுமுறையில் உங்கள் பாட்டனிடமும் பாட்டியிடமும் சென்று உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தனர்? எந்த ஆண்டில்? முதலில் எந்தத் தோட்டம்? யார் யார் சயாமுக்குப் போயினர்? யார் திரும்பினர்? கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். பெயர்களில் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பழைய கப்பல் சீட்டு, சம்பளச் சிட்டை, சங்க அட்டை எதையும் பழைய தாள் என்று எறிந்துவிடாதீர்கள். தோட்டம் விற்கப்படும் காலம் இது. லயம் இடிபடும் காலம் இது. ஊர் மாறும்போது முதலில் தொலைவது காகிதமே. காகிதம் தொலைந்தால் குடியுரிமைக்கும் அலைய வேண்டும். நினைவுக்கும் அலைய வேண்டும்.

வாய்ப்புக் கிடைத்தால், பிள்ளைகளைப் பினாங்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்ரீ ரம்பாயைக் காட்டுங்கள்; துங்கு குடின் கதையையும் சொல்லுங்கள்; அது கதை என்றும் சொல்லுங்கள். பின்னர் மதிலருகே நிறுத்தி, செங்கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "இதைக் கட்டியவர் யார்?" என்று பிள்ளை கேட்டால், நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள்.

அன்று என்னிடம் கேட்ட சிறுவன் இன்று முப்பது வயதைக் கடந்த இளைஞனாக எங்கோ வாழ்கிறான். இந்தப் பேச்சு ஏட்டில் வெளிவரும்போது அவன் கண்ணில் படுமாயின், தம்பி, உன் ஆசிரியனை மன்னித்துவிடு. நம்முடையது அங்கே ஒன்றும் இல்லையா என்று கேட்டாய். நீ தொட்டுக்கொண்டிருந்த சுவரே அதற்கு விடை.